ஏழு விக்கெட்டின் படம்

கொட்டகலை கடைத்தெருவில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்த பிரதாப்பிடம் யாராவது பழைய பேப்பர் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அவன் முதலில் அதை முகர்ந்துதான் பார்ப்பான். புளித்த வாடை அடித்தால் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். தூசி வாடை மட்டும் என்றால் காப்பாற்றிவிடலாம். கையில் கிடைக்கும் எல்லாப் பத்திரிகையையும் அவன் சேர்ப்பதில்லை. விளையாட்டுப் பத்திரிகைகள் மட்டும்தான். நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன் கொழும்பில் அச்சாகி, ரயிலில் மலைக்கு ஏறி, சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் நூறு கை மாறி, கடைசியில் வடை சுற்றப் போன தாள்கள். மலிவான தாள் என்பதால் மடித்த இடத்திலேயே உடைந்துவிடும். அப்படி உடையாமல் தப்பியவை அவனிடம் நானூறுக்கு மேல் இருந்தன.

அவற்றை அவன் வைத்திருந்தது ஹார்லண்ட் தேயிலைத் தோட்டத்தில், மாமனார் செல்லசாமி வீட்டின் பின்னறையில். பிரதாப் பிறந்து வளர்ந்த லய வரிசை வீடுகளுக்கு மேலே மண் வெடித்து, அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் நோட்டீஸ் ஒட்டியபோது, செல்லசாமிதான் லொறி பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "பேப்பரயும் ஏத்துங்க மாப்பிள்ள. அதுக்கும் ஒரு அறை இருக்கு" என்றார். அது நடந்து ஆறு வருஷம். பின்னறை அலுமாரிக்குள் பகலும் இரவும் ஒரு மஞ்சள் பல்பு எரியும், ஈரம் தங்காமலிருக்க. கரண்ட் கூடுதலாகிறதே என்று அவர் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

செல்லசாமியைத் தோட்டத்தில் செல்லசாமி என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. நொட்டாங்கையார், இடது கைக்காரர், என்றுதான் சொல்வார்கள். 1988இல், தோட்டங்களுக்கிடையிலான கேடயப் போட்டியின் இறுதி ஆட்டம் தலவாக்கலையில் நடந்தது. ஹார்லண்ட் தொண்ணூற்று நாலு ஓட்டம் எடுத்தது. எதிரணி அறுபத்தொன்றுக்குச் சுருண்டது. இடது கையால் வேகமாகப் பந்து வீசிய செல்லசாமி இருபத்து மூன்று ஓட்டத்துக்கு ஏழு விக்கெட். லீவில் போயிருந்த தோட்டத்துப் பெரிய தொரை திரும்பி வந்து, 'மைதான முரசு' வாரப் பத்திரிகையில் வந்த ஸ்கோரை ஆபீஸில் வாசித்துச் சொல்லக் கேட்டு, மலையில் புல் வெட்டிக்கொண்டிருந்த செல்லசாமியைக் கூப்பிட்டு பெக்டரியில் வேலை கொடுத்தார். பிறகு மூன்று அறை வீடும் கொடுத்தார்கள். பென்ஷன் ஆன பிறகும், தோட்டத்துக்குப் பெருமை சேர்த்தவர் என்று இப்போதைய மெனேஜர் ஒரு கடிதம் எழுதி, சாகும்வரை அதே வீட்டில் இருக்க விட்டிருந்தார்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு செல்லசாமி பந்தைத் தொடவில்லை. தோள் போய்விட்டது என்பார். ஆனால் வெளியே போனால் எல்லாம் இடது கைதான். இடது கையைத் தூக்கி வணக்கம் சொல்வார், இடது கையால் தேத்தண்ணி கிளாசை வாங்குவார். வீட்டுக்குள் வந்ததும் விறகு பிளப்பது, ஆணி அடிப்பது, பேனா பிடிப்பது எல்லாம் வலது கையில். வந்த புதிதில் பிரதாப் இதைக் கவனித்துக் கேட்டபோது அவன் மனைவி சர்மிளா, "அப்பாவுக்கு ரெண்டு கையும் வருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். முன்னறைச் சுவரில் கண்ணாடிக்குள் அந்தப் பத்திரிகையின் சின்னத் துண்டொன்று மாட்டியிருந்தது. வெறும் ஸ்கோர் விபரம். "படம் போடலையா மாமா?" என்று ஒரு தடவை கேட்டான். "போட்டிருந்தான். அது மழையில போயிருச்சு" என்றார் அவர்.

போன ஜனவரியில் தலவாக்கலையில் ரோட்டை அகலமாக்க ஒரு பழைய சலூனை உடைத்தார்கள். சலூன்காரரின் மகள் பெஞ்சுக்கு அடியில் கிடந்த ஒரு கட்டைப் பிரதாப்புக்குக் கொடுத்தனுப்பினாள். 1988ஆம் வருஷத்து மைதான முரசு, ஆறு இதழ்கள், ஈரம் குடித்துப் பலகை மாதிரி ஒட்டிப்போயிருந்தன. வாடை அவ்வளவு மோசமில்லை. மூன்று வாரம் அதோடு கிடந்தான். ஒற்றுத்தாளை மாற்றி மாற்றி வைத்து, துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றி, மூங்கிலில் சீவிய மெல்லிய தகட்டை ஓரத்தில் நுழைத்து, ஒரு நாளைக்கு இரண்டு அங்குலம் என்று பிரித்தான். நாலாவது இதழ் பிரிந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் பக்கத்திலேயே, 'தலவாக்கலையில் ஹார்லண்டின் ஆட்டம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பிரதாப் சலூன்காரரின் மகளுக்கு உடனே போன் போட்டுச் சொன்னான். மாமாவுக்கு இதை எப்படிக் காட்டுவது, சட்டம் போட்டா, பிறந்தநாளுக்கா என்றெல்லாம் யோசித்தபடியே மேல் பாதியைத் தூக்கினான்.

படம் தெளிவாக இருந்தது. இடது கை உச்சிக்குப் போய், பந்து விரலை விட்டுப் போகப்போகிற நேரம். கழுத்துச் சங்கிலி காற்றில் எழும்பி, அதன் நுனியில் ஒரு சின்னச் சிலுவை. நீண்ட முகம், ஒட்டிய கன்னம். படத்துக்குக் கீழே, 'ஹார்லண்ட் செல்லசாமி: ஏழு விக்கெட் வீரர்' என்று போட்டிருந்தார்கள். முன்னறையில் மாமாவின் கல்யாணப் போட்டோ இருக்கிறது. அடுத்த வருஷம் எடுத்தது. உருண்டை முகம். எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் அந்த முகம் இந்த முகம் ஆகாது.

அவன் இதழை அட்டையில் வைத்து அப்படியே குசினிக்குத் தூக்கிக்கொண்டு போனான். மாமியார் நாகலெட்சுமி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, இது யாருன்னு பாருங்க."

அவள் கையைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்தாள். முகம் மலர்ந்தது. "அட, நம்ம கஸ்பர் அண்ணே..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு குரலை இறக்கி, "எங்க கெடச்சுச்சு இது?" என்றாள்.

பிரதாப் சொன்னான். அவள் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்த நேரம் கஸ்பர் அண்ணனுக்கு வேலையிலேர்ந்து பேரு வெட்டியிருந்தாங்க. கணக்கப்பிள்ளையோட சண்ட. செக்ரோல்ல பேரு இல்லாதவன் தோட்டத்துக்கு வெளையாட ஏலாது. ஒங்க மாமாவுக்கு வெரல் ஒடஞ்சி கட்டுப் போட்டிருந்துச்சு. அதனால பேரு மாமாவோடது, ஆளு அவரு. தோத்துப் போயிருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்." மாவு காய்ந்த விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "டீமுல இருந்தவங்களும் பாத்தவங்களும் பாதிப் பேரு செத்துட்டாங்க, பாதிப் பேரு தோட்டத்த விட்டே போயிட்டாங்க. சர்மிளாவுக்குத் தெரியாது மாப்பிள்ள. ஒங்க கால்ல விழுறேன், அவளுக்குத் தெரிய வேணாம்."

பிரதாப் இதழைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தான். தன்னிடம் மட்டும் இருக்கும் வரைக்கும் ஒன்றுமில்லை என்று அன்றைக்கு நினைத்தான். மூன்றாம் நாள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் யோகேஸ்வரன் கடைக்கு வந்தார்.

"நொட்டாங்கையாரோட பேப்பர் முழுசாக் கெடச்சிருச்சாமே! சலூன்காரர் மக சொன்னாங்க. தம்பி, கடவுளாப் பாத்துக் குடுத்திருக்கு. கிரவுண்ட மட்டம் பண்ணி முடியப்போகுது. சித்திரை வருஷப் பொறப்பு வெளையாட்டு விழாவுல தெறக்கிறோம். செல்லசாமி வெளையாட்டு மைதானம். மெனேஜர் ஓகே சொல்லிட்டாரு. அந்த முதல் பக்கத்த அப்பிடியே ப்ரேம் போட்டு கிளப்புல மாட்டணும்."

"இன்னும் ஈரம் காயலீங்க தலைவரே" என்றான் பிரதாப்.

"ஏப்ரலுக்குள்ள காஞ்சிரும்" என்றார் யோகேஸ்வரன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் செய்தி முன்னாடியே போயிருந்தது. சர்மிளா வாசலிலேயே நின்றாள். "அப்பா படத்த காட்டுங்க" என்றாள். பாரத்துக்குக் கீழே இருக்கிறது, இப்போது தூக்கினால் கிழியும் என்றான். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் அவன் அலுமாரிக்குப் பூட்டு வாங்கிப் போட்டான். சர்மிளா பூட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "என்னங்க, எங்க வீட்டுலயா பூட்டு?" என்று மட்டும் கேட்டாள். எங்க வீடு என்ற சொல் அவனைக் குத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

செல்லசாமி எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் மழையைப் பற்றிப் பேசினார், முட்டைக்கோவாக் கன்றுக்கு வந்த பூச்சியைப் பற்றிப் பேசினார். பின்னறைப் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது பிரதாப்புக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் சோற்றில் கை வைப்பதே அவனுக்குப் பாரமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, பக்கத்தின் முழு அளவுப் பிரதி ஒன்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டு நுவரெலியா போய், அங்கிருந்து, கஸ்பர் இருப்பதாக அத்தை சொன்ன ராகலைக்கு பஸ் ஏறினான். கஸ்பரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. மாதா கோயிலில் விசாரித்தபோதே, லீக்ஸ் மரக்கறித் தோட்டம் போட்டிருக்கிற கஸ்பர் தாத்தா என்று வழி காட்டினார்கள். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான, நெட்டையான மனிதர். முழங்கால் வரை சேறு. அவர் மகன் றொனால்ட் மருந்தடிக்கிற டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

பிரதாப் பிரதியை மேசையில் விரித்தான். கஸ்பர் கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணாடி போட்டு, வெகுநேரம் பார்த்தார். விரலால் சிலுவையைத் தொட்டார்.

"இது அம்மா போட்டு விட்டது. நா இந்தப் படத்த இன்னைக்குத்தான் பாக்குறேன் தம்பி. அந்த வயசுல எனக்கு வேற போட்டோவே இல்ல."

றொனால்ட் வந்து எட்டிப் பார்த்தான். படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பா, நீங்கதானே!" என்றான். கஸ்பர் பிரதாப்பின் பக்கம் திரும்பினார்.

"இவன் சின்னவனா இருக்கும்போது சொன்னேன்," என்றார் பிரதாப்பிடம். "பள்ளிக்கூடத்துல போயி எங்கப்பாதான் ஏழு விக்கெட்டுன்னு சொல்லியிருக்கான். பொய்காரன்னு பொடியன்க எல்லாம் சேந்து அடிச்சிட்டாங்க. ஒதடு கிழிஞ்சி வந்தான். அதோட நா வாயத் தொறக்குறதில்ல."

"மாமா மேல கோபம் இல்லையா ஐயா?"

"தொர கூப்பிட்ட அன்னைக்கு அவன் என்கிட்டதான் மொதல்ல ஓடி வந்தான். போகவா வேணாமான்னு கேட்டான். நாந்தான் போடான்னேன். நெசத்த சொன்னா ரெண்டு பேருக்கும் பேரு வெட்டுவாங்க. நாங்க தோட்டத்த விட்டு இங்க வர்ற வரைக்கும் ஆறு மாசம், எங்க வீட்டுக்கு அரிசியும் மாவும் அவன்தான் சொமந்து குடுத்தான். அவன் மேல எப்பிடிக் கோபப்படுறது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா மூஞ்சி என்னோடது தம்பி. கீழ அவன் பேரு."

"ஏப்ரல்ல கிரவுண்டுக்கு மாமா பேரு வைக்கிறாங்க. நா என்ன செய்யட்டும்னு நீங்க சொல்லுங்க."

கஸ்பர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நா என்னா சொல்றது? வெளிய சொன்னா அவன் வீடு போகும். சொல்லாட்டி நா செத்தாலும் பொய்காரன். முப்பத்தாறு வருஷமா மண்ணுக்குள்ள இருந்துச்சு. நீங்க எதுக்குத் தம்பி இத தோண்டி எடுத்தீங்க?"

பிரதாப் மேசைக்குக் குனிந்தான். பிரதியைச் சுருட்டப் போனபோது றொனால்ட் அதன் மேல் கை வைத்து, "இது இங்க இருக்கட்டும் அண்ணே" என்றான்.

அவன் வீடு திரும்பியபோது, செல்லசாமி பின்னறையில் பூட்டிய அலுமாரிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை.

"ராகலைக்குப் போனீங்களாமே. ஒங்க அத்தை சொன்னா."

"ஆமா மாமா."

"எப்பிடி இருக்கான்?"

"நல்லா இருக்காரு. லீக்ஸ் போட்டிருக்காரு."

செல்லசாமி தலையை ஆட்டினார். வெளியே சர்மிளா கோழிகளை விரட்டி அடைக்கும் சத்தம் கேட்டது. அது ஓயும் வரை காத்திருந்தார்.

"படத்த வெட்டிருங்க மாப்பிள்ள. கீழ உள்ள எழுத்த மட்டும் ப்ரேம் போட்டாப் போதும்."

"பேப்பர்ல கத்தி வைக்க என்னால முடியாது மாமா."

"அப்ப நா வெட்டுறேன். சாவியக் குடுங்க."

பிரதாப் சாவியைக் கொடுக்கவில்லை. அவர் கையை நீட்டவும் இல்லை.

"இந்த வீடு அந்தப் பேப்பர் மேலதான் நிக்குது" என்றார் செல்லசாமி. குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நீங்க வச்சிருக்கிற இந்த அலுமாரியும் சேத்துத்தான். ஆறு மாசத்துல எல்லாம் மறந்துருவாங்கன்னு நெனச்சேன். பொறவு ஒரு கலியாண வீட்டுல சின்னப் பயலுவ அடிச்ச பந்து வந்துச்சு. சட்டுனு வலது கையால புடிச்சிட்டேன். ஒரு கெழவன் பாத்துட்டு, என்னடா நொட்டாங்கையான்னு கேட்டான். அன்னையிலேர்ந்து கைய நெனச்சி நெனச்சித்தான் தூக்குறேன். கனவுலயும் இடது கைதான் வருது. இதுலேர்ந்து எப்பிடி எறங்குறதுன்னு எனக்குத் தெரியல."

கடைசியில் பிரதாப், "வெட்டாம மறைக்கலாம் மாமா" என்றான்.

படங்களைச் சட்டம் போடும்போது சுற்றிலும் ஓர் அட்டை வைத்து, வேண்டிய இடத்தை மட்டும் ஜன்னல் மாதிரி வெட்டித் திறப்பார்கள். பிரதாப் பழுப்பு வெள்ளை அட்டையில் இரண்டு ஜன்னல் வெட்டினான். ஒன்றில் பத்திரிகையின் பெயரும் பெரிய தலைப்பும் தெரிந்தன. மற்றதில் ஸ்கோர் விபரம். நடுவில் படம் இருந்த இடம் முழுவதும் அட்டை. பக்கம் ஓரிடத்திலும் கிழியவில்லை. பார்க்க அழகாகவே இருந்தது. யோகேஸ்வரன் வந்து பார்த்துவிட்டு, "படம் எங்க?" என்றார்.

"அந்த எடம் பூஞ்சணம் புடிச்சிருச்சு தலைவரே. பாக்க ஏலாது."

நல்லாயிருக்கும் தாளைக் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவன் அவன். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு, கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தான். சர்மிளாவிடமும் அதையே சொன்னான். அவள் அழுதாள். "இவ்வளவு பேப்பர காப்பாத்துனீங்க, எங்கப்பா மொகத்த மட்டும் விட்டுட்டீங்களே" என்றாள்.

ஏப்ரல் நெருங்க நெருங்க யோகேஸ்வரனுக்கு இன்னொரு யோசனை வந்தது. மைதானத்தில் முதல் பந்தை நொட்டாங்கையாரே வீச வேண்டும். தோள் வலி என்று செல்லசாமி சொன்னார். ஒரே ஒரு பந்து, மெதுவாகப் போட்டால் போதும் என்றார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு விடிகாலை, பிரதாப் பின்னறை ஜன்னலைத் திறந்தபோது பனிமூட்டத்துக்குள் ஆள் நடமாட்டம் தெரிந்தது. கோவாப் பாத்திக்கு அப்பால் ஒரு எண்ணெய் டின். அதற்கு நேரே செல்லசாமி இடது கையால் டெனிஸ் பந்தை எறிந்துகொண்டிருந்தார். கை பாதி வரைதான் எழும்பியது. பந்து ஒரு தடவை பாத்திக்குள் விழுந்தது, ஒரு தடவை தேயிலைக்குள் போனது. நாகலெட்சுமி சேலையைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்த் தேடி எடுத்து வந்து கொடுத்தாள். பிரதாப் ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

விழா அன்று மழை இல்லை. தப்பு அடித்தார்கள், கொடி கட்டினார்கள், பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மெனேஜர் நாடாவை வெட்டினார். செல்லசாமியை மாலையோடு நடுவே கூட்டிக்கொண்டு போய்க் கையில் பந்தைக் கொடுத்தார்கள். எதிரே மெனேஜர் மட்டையோடு நின்றார். அப்போதுதான் பிரதாப், மைதானத்துக்கு மேலே மண் மேட்டோரமாக இரண்டு பேர் வந்து நிற்பதைக் கண்டான். கஸ்பரும் றொனால்டும். கஸ்பர் வெள்ளைச் சட்டை போட்டு, முடியை எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

செல்லசாமியும் கண்டுவிட்டார். பந்தோடு அப்படியே நின்றார். நொட்டாங்கையாருக்குக் கண் கலங்கிவிட்டது என்று யாரோ ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கைதட்டல் எழும்பியது. அவர் இப்போது பந்தைக் கீழே போட்டுவிட்டு உண்மையைச் சொல்லப் போகிறார் என்று பிரதாப் நினைத்தான். சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாது என்றும் இருந்தது. செல்லசாமி நாலு அடி நடந்து இடது கையை வீசினார். பந்து மூன்று தடவை குதித்து, மெனேஜரின் கால் வரைக்கும் உருண்டு போய் நின்றது. கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது.

கஸ்பர் மகனோடு நேரே கிளப்புக்குள் போனார். பிரதாப் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். படம் இருக்க வேண்டிய இடத்தையே பார்த்தார்.

"உள்ளுக்குத்தான் இருக்கு ஐயா. வெட்டல" என்றான் பிரதாப்.

"ம்" என்றார் கஸ்பர்.

வாசலில் செல்லசாமி மாலையோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சர்மிளா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கஸ்பரும் செல்லசாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வா கஸ்பர்."

"தோள் வலிக்குதா?"

"வலிக்குது."

"கைய காதோட ஒட்டிக் கொண்டு போகணும். அப்பிடி அர வாசியில வீசுனா வலிக்கத்தான் செய்யும்."

செல்லசாமி சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போனது. சர்மிளா யாரென்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தாள். "என் கூட்டாளிம்மா. ராகலையில இருக்காரு" என்றார் அவர். அவள் தேத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டே, "அன்னைக்கு மெட்ச்ல நீங்களும் இருந்தீங்களா மாமா?" என்று கேட்டாள்.

றொனால்ட் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிரதாப் தரையைப் பார்த்தான்.

"இருந்தேம்மா" என்றார் கஸ்பர்.

"எங்கப்பா எப்பிடிப் போட்டாரு?"

கஸ்பர் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அன்னைக்குக் காத்து நல்லா இருந்துச்சும்மா. பந்து தானாத் திரும்புச்சு" என்றார். தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு, பஸ் போய்விடும் என்று மகனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். றொனால்ட் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. செல்லசாமி ரோடு வரைக்கும் அவர்கள் பின்னால் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது மாலை கழுத்தில் இல்லை.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடாமல் பெய்து சுவரெல்லாம் ஈரம் கசிந்தபோது, பிரதாப்புக்குச் சட்டத்தை நினைத்துத்தான் கவலை. உள்ளே பூஞ்சணம் பிடித்தால் அவன் சொன்ன பொய் உண்மையாகிவிடும். யோகேஸ்வரனிடம் கேட்டு ஒரு மத்தியானம் கிளப்பைத் திறந்தான். கூப்பிடாமலே செல்லசாமியும் குடையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். தலைவர் வராந்தாவில் நின்றபடி போன் பேசிக்கொண்டிருந்தார்.

பிரதாப் சட்டத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைத்து, பின்பலகையை எடுத்தான். தாள் நல்லாயிருந்தது. ஓரத்தில் மட்டும் லேசான ஈரம். ஒற்றி எடுத்துப் புதுத் தாள் வைத்தான். அட்டைக்குக் கீழே அந்த முகம் இருந்தது. செல்லசாமி குனிந்து பார்த்தார். முப்பத்தாறு வருஷத்தில் அதை முழுதாகப் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை என்று பிரதாப் நினைத்தான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

அவன் சேர்க்கிற ஒவ்வொரு இதழோடும் ஒரு துண்டுத்தாள் இருக்கும். எங்கே கிடைத்தது, எந்த நிலையில் கிடைத்தது, யார் கொடுத்தது என்று. பேனா மை ஈரம் பட்டால் பரவித் தாளை அரிக்கும் என்பதால் பென்சிலில்தான் எழுதுவான். இந்த இதழுக்கு மட்டும் இதுவரை எழுதவில்லை. சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து மேசையோரத்தில் வைத்து எழுதினான்: 'இப்பக்கத்தின் படத்தில் பந்து வீசுபவர் ம. கஸ்பர். செ. செல்லசாமி விரல் முறிந்திருந்ததால் அன்று விளையாடவில்லை.' தேதியும் போட்டு, தன் பெயரையும் போட்டான். அதை உள்ளே வைக்கப் போனபோது செல்லசாமி கையை நீட்டினார். பிரதாப் கொடுத்தான்.

அவர் உதடு அசைய வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார்.

"இத யாரு பாப்பா?"

"என்னைக்காவது யாராவது இதக் கழட்டினாப் பாப்பாங்க மாமா."

"நா இருக்கும்போதா?"

"தெரியாது."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவர் துண்டைப் பிடித்தபடியே நின்றார். அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று பிரதாப் பயந்தான். பறிக்க முடியாது. மறுபடி எழுதிக் கொண்டுவர ஒரு காரணமும் கிடைக்காது.

"சர்மிளா பாத்தா?" என்றார்.

தலைவர் போனை வைத்துவிட்டு, "முடிஞ்சிருச்சா?" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார். செல்லசாமி துண்டைத் திருப்பிக் கொடுத்தார். "வைங்க" என்றார். பிரதாப் அதைத் தாளுக்கும் பலகைக்கும் இடையில் வைத்தான். அவர் பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவன் நாலு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாக இறுக்கி முடித்தான்.

சட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வெளியே வந்தார்கள். யோகேஸ்வரன் கதவைப் பூட்டிச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி பிரதாப்பிடம் நீட்டினார்.

"இது ஒங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. மாசம் ஒருக்கா வந்து பாத்துக்குங்க. இந்த வேல வேற யாருக்கும் தெரியாதே."

பிரதாப் சாவியை வாங்கிக்கொண்டான். செல்லசாமி குடையை விரித்து, அவனும் நனையாதபடி சாய்த்துப் பிடித்தார். இருவரும் வீட்டுக்கு இறங்கினார்கள்.